நான் கெடுத்த புதன்கிழமை

இந்த வாரம் ஒரு குறையோடுதான் ஆரம்பிக்கிறேன். வழக்கமாக இந்தப் பத்தியின் முதல் வரியிலேயே தேதி இருக்கும். இத்தனாம் தேதி, இன்ன கிழமை, இத்தனை மணி என்று போடாமல் எனக்குப் பேனா நகராது. இந்தத் தடவை தேதி இல்லை. அச்சுப் பிழை என்று நினைத்துக் கடிதம் போட்டுவிடாதீர்கள். காரணம் இருக்கிறது. அது எனக்கே முழுசாகப் புரிந்ததா என்றால்... மேலே படியுங்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. எங்கள் வீட்டு இரும்பு கேட்டை யாரோ பிடித்து உலுக்குகிறார்கள். தட்டல் இல்லை, உலுக்கல். எட்டிப் பார்த்தால் மல்லிகா. மூன்று வீடு தள்ளி இருக்கும் கன்னியப்பனின் மனைவி. தலையில் துண்டு, கையில் அரிவாள். ஒரு விநாடி எனக்குத் திக்கென்றது.

"சார், நீங்கதானே பூட்டுனீங்க? நீங்களே வந்து தொறந்து வுடுங்க!"

"எதைம்மா?"

"எங்க வூட்டுக்காரரைத்தான். அறுப்பு மெஷினு வந்து மடைகிட்ட நிக்குது. இவரு வெள்ள வேட்டி கட்டிக்கினு கட்டில்ல உக்காந்துக்கினு கீறாரு. கேட்டா, செவ்வாக்கெயமையாம். டைரி சாரு சொல்லிட்டாராம்!"

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "தேதி சொல்லி ஊரைக் கெடுத்தாச்சா?"

கெடுத்தாச்சு. எப்படி என்று சொல்கிறேன்.

கன்னியப்பனுக்கு உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் ஒன்றே முக்கால் ஏக்கர். வருஷம் முழுக்க அதிலேயே கிடக்கிற மனிதர். ஆனால் வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை, நிலத்து வேலை எதிலும் கை வைக்கமாட்டார். மண்வெட்டியைத் தொடமாட்டார். வரப்புப் பக்கம் போகமாட்டார். குளித்து, சவரம் செய்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துவிடுவார். ஏரித் தண்ணீரை முறை வைத்துத் திறந்துவிடும் நீர்கட்டிக்கும் இது தெரியும். அவர் முறை புதன்கிழமையில் விழுந்தால் அடுத்தவருக்கு மாற்றிவிடுவார். ஊரில் யாராவது சும்மா உட்கார்ந்திருந்தால், "இன்னாப்பா, உனுக்கு இன்னைக்குப் புதன்கெயமையா?" என்று கிண்டல் செய்யும் அளவுக்கு இது பிரசித்தம்.

ஒன்பது வருஷமாக இப்படி.

அதற்கு முன்னால் அவருக்குக் கிழமையே கிடையாது. எல்லா நாளும் வேலை நாள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அவருடைய மகள் சுதா — அப்போது ஒன்பது வயது — வயிறு வலிக்கிறது என்று அழுதிருக்கிறாள். அன்றைக்குக் கன்னியப்பனுக்குத் தண்ணீர் முறை. "பாச்சிட்டு வந்துடறேன், ஓமத்தண்ணி குடு" என்று மல்லிகாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பத்து மணிக்குத் திரும்பி வந்தபோது குழந்தையின் இமைகள் தொங்கிவிட்டிருந்தன. தூக்கிப் பிடித்தாலும் தலை நிற்கவில்லை. பாயில் படுத்திருந்தபோது கட்டுவிரியன் கடித்திருக்கிறது. அது கடித்தால் பல சமயம் வலியே தெரியாதாம், தடம்கூட இருக்காதாம்.

செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஓடினோம் என்றால், நானும்தான். படிவம் நிரப்ப, இங்கிலீஷ் சீட்டைப் படிக்க என்று தெருவில் யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். மூச்சு மெஷின் வைத்தார்கள். மூன்று ராத்திரி. கண் திறந்தால் விஷம் இறங்குகிறது என்று அர்த்தம் என்றார் டாக்டர். கண் திறக்கவில்லை.

கன்னியப்பன் ஆஸ்பத்திரி முற்றத்தில் எங்கள் ஊர் இருக்கும் திசையைப் பார்த்துக் கையைக் கூப்பிக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. பக்கத்தில்தான் இருந்தேன். "பொன்னியம்மா, எம் பொண்ணு எந்தக் கெயமை கண்ணு தொறக்குதோ, அந்தக் கெயமை என் ஆயுசுக்கும் நெலத்து வேலைல கை வைக்கமாட்டேன்."

எது தன்னைக் குழந்தையின் பக்கத்தில் இருக்கவிடாமல் இழுத்துக்கொண்டு போனதோ, அதில் ஒரு நாளை வெட்டிக் கொடுத்துவிட்டார். தங்கம் வெள்ளி வேண்டிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கிழமையை வேண்டிக்கொண்டவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

சுதா கண் திறந்தாள். நர்ஸ் வந்து சொன்னதும் நான் என்ன செய்தேன்? கடிகாரத்தைப் பார்த்தேன். வேறென்ன செய்வேன்! மூன்று இருபது. டைரியில் எழுதினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு கன்னியப்பன் கேட்டார். "சார், அன்னைக்கு இன்னா கெயமை?" மூன்று ராத்திரி தூங்காதவருக்குக் கிழமை எப்படித் தெரியும்? நான் டைரியைப் பார்த்தேன். "புதன்."

முடிந்தது. அன்றிலிருந்து புதன்.

இதோடு விட்டிருக்கலாம். விட்டேனா?

போன மாதம் கன்னியப்பன் வந்தார். வேண்டுதலுக்குப் பத்தாவது வருஷம் பிறக்கப் போகிறதாம். பொன்னியம்மனுக்குப் பொங்கல் வைக்க வேண்டுமாம். "நாளு, நேரம் எல்லாம் கரீட்டா சொல்லுங்க சார்" என்றார். இப்படி ஒருவர் கேட்டால் எனக்கு எப்படி இருக்கும் என்று என் வாசகர்களுக்குத் தெரியும். சோழர் காலத்திலேயே நாளையும் ஆண்டையும் கல்லில் வெட்டி வைத்த ஊர் எங்களுடையது. அந்தப் பைத்தியம் இங்கே தண்ணீரிலேயே கலந்திருக்கிறது. பரணிலிருந்து அந்த வருஷத்து டைரியை எடுத்துத் தூசி தட்டி, சத்தமாகப் படித்தேன்.

"அதிகாலை மூன்று இருபது..."

படித்த வாய் மூடவில்லை. ஒரு யோசனை வந்தது. யோசனை வந்தால் அதை மனசுக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

"ஒரு நிமிஷம் கன்னியப்பா... நம்ம பஞ்சாங்கப்படி விடிஞ்சாதானே அடுத்த நாள்? சூரியன் வந்தப்புறம்தான் புதன். மூணு இருபதுன்னா... அது செவ்வாய்க்கிழமைதான்."

எனக்கு ஒரே சந்தோஷம். பெரிய கண்டுபிடிப்பு! அவருடைய முகத்தைப் பார்த்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

"செவ்வாயா?"

"பஞ்சாங்கப்படி."

"ஆத்தாளுக்குப் பஞ்சாங்கந்தானே சார்? ஆஸ்பத்திரி சீட்டா?"

டைரியை மெல்ல மூடினேன்.

"அப்ப... ஒம்போது வருஷமா செவ்வாக்கெயமைல்லாம் நான் வேலை செஞ்சிக்கினு இருந்துகீறேன்."

இந்த இடத்திலாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். "கிட்டத்தட்ட நானூற்று அறுபத்தெட்டு செவ்வாய்" என்றேன்.

தானாக வாயில் வந்த கணக்கு. சில பேருக்கு இருமல், எனக்குக் கணக்கு.

அவர் எழுந்து போய்விட்டார். மறுவாரம் மல்லிகா சொன்னாள்: செவ்வாயும் உட்காருகிறார், புதனும் உட்காருகிறார். எது சரி என்று தெரியாததால் இரண்டையும் பிடித்துக்கொண்டாராம்.

எனக்கு மனசு உறுத்தியது. வேறு கணக்கு ஏதாவது வைத்துப் புதனைத் திரும்ப நிலைநாட்ட முடியுமா? வாலாஜாபாத்தில் நான் எப்போதும் நீள நோட்டு வாங்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் ரஹீம் பாய். என்னைப் பார்த்ததும், "இன்னா சார், இந்த வருஷம் ரெண்டாவது நோட்டா? உங்க ஊர்ல அவ்ளோவா நடக்குது?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்க கணக்குல பொழுது சாய்ஞ்சாலே அடுத்த நாளு பொறந்துடும் சார். வியாயக்கெயமை ராத்திரிய நாங்க வெள்ளி ராத்திரின்னுதான் சொல்லுவோம். அப்படிப் பாத்தா, செவ்வாக்கெயமை சாயங்காலத்துலேர்ந்தே புதன்."

"அப்போ புதன்தான் சரி!" எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

"எனக்குச் சரி. அவரு வேண்டிக்கினது யாருகிட்ட? அங்க போயி கேளுங்க."

தெம்பு போய்விட்டது. பேச்சை மாற்ற வேண்டுமே என்று, "நீங்களும் வெள்ளிக்கிழமை ஓய்வு எடுக்கிறவராச்சே, அதான் உங்களைக் கேட்டேன்" என்றேன்.

"ஓய்வா? அட போங்க சார். ஜும்மாவுக்குக் கடைய மூடிட்டு ஓடறேன், தொயுகை முடிஞ்சதும் ஓடியாந்து தொறக்கறேன். கூப்புட்டா போவணும், முடிஞ்சா வந்து பொழப்பப் பாக்கணும். அவ்ளோதான். உங்க ஆளு மாதிரி நாள் பூரா கைய கட்டிக்கினு உக்கார நம்மளால ஆவாது. அது பெரிய பேஜாரு."

பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். சூரியன் உதித்தால் ஒரு நாள், சூரியன் மறைந்தால் ஒரு நாள், நடு ராத்திரி பன்னிரண்டு அடித்தால் ஒரு நாள். நாற்பத்தைந்து வருஷமாக ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறேன்; ஒரு நாள் என்பது எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்கே தெரியவில்லையா? ஜன்னலுக்கு வெளியே சொர்ணவாரிப் பருவத்து நெல் பழுத்துச் சாய்ந்து நின்றது. தூரத்தில் மின்னல்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் அறுப்பு வந்து சேர்ந்தது.

எங்கள் பக்கம் இப்போது கையால் அறுப்பவர்கள் குறைவு. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து பெல்ட் வைத்த அறுப்பு மெஷின் வரும். ஏஜென்ட் யார் யாருக்கு எந்த நாள் என்று சொல்வான். அவன் சொன்னது இது: செவ்வாய்க்கிழமை கன்னியப்பன் நிலம் இருக்கும் மடைப் பக்கம். புதன்கிழமை காலை மெஷின் தென்னேரிக்குக் கிளம்பிவிடும். திரும்பி வரப் பத்து நாள் ஆகும். மூன்று நாளாகச் சாயங்காலம் ஆனால் இடி, மழை. பழுத்த நெல் பத்து நாள் தாங்குமா? விவசாயம் தெரியாத எனக்கே தெரியும், தாங்காது. சாய்ந்து, தண்ணீரில் கிடந்து, முளைத்துவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் மல்லிகா என் கேட்டை உலுக்கியது.

போனேன். கன்னியப்பன் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்த முகம், நெற்றி நிறைய விபூதி. பக்கத்தில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"வாங்க சார். நாஷ்டா ஆச்சா?"

"ஆச்சு. மெஷின் வந்து நிக்குதாமே..."

"நிக்கட்டும்."

"போகலையா?"

"இன்னைக்குச் செவ்வா சார்." மறந்துபோன பாடத்தை வாத்தியாருக்கே ஞாபகப்படுத்துகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். "கன்னியப்பா, நான் திரும்ப யோசிச்சுப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில போட்டது இங்கிலீஷ் தேதி. நீ ஒன்பது வருஷமா கும்பிட்டதும் புதன். எனக்கென்னவோ புதன்தான் சரின்னு..."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"மெஷினு வந்தா கெயமை மாறிடுமா சார்?"

இதற்கு நீங்களாவது பதில் சொல்லுங்கள்.

மல்லிகா சும்மா இருக்கவில்லை. "கேக்கறாரு இல்ல, சொல்லுங்க! ஒம்போது வருஷமா வாரத்துக்கு ஒரு நாளு சாமியா உக்காந்துக்கினு இருந்தாரு. இப்ப ரெண்டு நாளு. நீங்க இன்னும் நாலு டைரிய தொறந்தீங்கன்னா வாரம் பூரா சாமிதான். நான் உண்டியல் வைச்சிடறேன்!"

அப்போது உள்ளேயிருந்து சுதா வந்தாள். இப்போது பதினெட்டு வயது; காஞ்சிபுரத்தில் காலேஜ் படிக்கிறாள்; செமஸ்டர் லீவு. "அம்மா, வண்டிச் சாவிய குடு. நெலம் உன் பேர்லதானே கீது? நாம போயி அறுக்கச் சொல்லலாம்."

"யாரு அறுத்தாலும் என் நெல்லுதான்டி" என்றார் கன்னியப்பன். "அது என் வேலைதான்."

சுதா கட்டிலுக்கு எதிரே வந்து நின்றாள்.

"நைனா, நான் எப்ப கண்ணு தொறந்தேன்னு இவ்ளோ பேரு பேசறீங்களே. என்னை ஒருத்தராவது கேட்டீங்களா?"



"உனுக்கு இன்னாடி தெரியும்? நீ மயக்கத்துல இருந்தே" என்றாள் மல்லிகா.

"மயக்கம் இல்லம்மா. கண்ணைத் தொறக்க முடியல, கைய காலை ஆட்ட முடியல. காது கேட்டுக்கினுதான் இருந்துச்சு. நர்ஸக்கா பஸ்ஸு போயிடும்னு பொலம்புனது, நீ மூக்கை உறிஞ்சிக்கினே இருந்தது, எல்லாம் கேட்டுச்சு. இவரு" — என்னைக் காட்டினாள் — "உள்ள வந்து வந்து 'மணி என்னம்மா, மணி என்னம்மா'ன்னு கேட்டுக்கினு இருந்தாரு. கையில வாட்ச் இல்லையான்னு நெனச்சிக்கினேன்."

இருந்தது. ஆஸ்பத்திரிக் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ வந்து என் காலைப் புடிச்சிக்கினு சொன்னே நைனா. 'எயுந்துரு கண்ணு. இனிமே வாரத்துல ஒரு நாளு நெலத்துக்குப் போவமாட்டேன். உங்கூடவே உக்காந்துக்கினு இருக்கேன்'ன்னு. அவ்ளோதான் சொன்னே. கெயமைலாம் நீ சொல்லவே இல்ல."

கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். போன் அடித்து ஓய்ந்தது.

"அது உங்கிட்ட சொன்னது" என்றார் கடைசியில். "வெளிய போயி ஆத்தாகிட்ட சொன்னது வேற."

"அப்ப ரெண்டு வேண்டுதலா?" மல்லிகா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆமா."

என் டைரியில் ஒன்றுதான் இருந்தது. கூடவே இருந்து, மணி பார்த்து, நிமிஷக் கணக்காக எழுதி வைத்தவன் நான். முதல் வேண்டுதல் என் நோட்டில் இல்லவே இல்லை. குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் பேசியபோது நான் எங்கே இருந்தேன்? ஒருவேளை டீ வாங்கப் போயிருப்பேன். ஒருவேளை மணி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எங்கிட்ட சொன்னதை நான் இன்னைக்கு ஒரு நாளு வுட்டுத் தர்றேன்" என்றாள் சுதா. "ஆத்தாகிட்ட சொன்னதை நீ வுடாதே. நீ உக்காரு. வேண்டிக்கினது நீ, நானும் அம்மாவும் வேண்டிக்கல. நாங்க போறோம்."

அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஸ்கூட்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

இது சரியா? வீட்டுத் தலைவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார, வீட்டுப் பெண்கள் போய் வேலையை முடித்தால் அது ஓய்வு நாளா? நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்துக்கொண்டே பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்து, மணியைக் குறிக்கப் பேனாவைத் திறந்தேன்.

"அத்த உள்ள வையுங்க சார்."

"சும்மா... நேரம் மட்டும்..."

"எனுக்கு மம்ட்டி எப்படியோ உங்களுக்கு அது அப்படித்தான். உக்காருறதா இருந்தா சும்மா உக்காருங்க. இல்லன்னா நீங்களும் போங்க."

உள்ளே வைத்தேன். உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தூரத்தில் மெஷின் சத்தம் ஆரம்பித்தது. கன்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். கும்பிடுகிறார் என்று நினைத்தேன். "மேக்கால திரும்புது" என்றார். சிறிது நேரம் கழித்து, "அங்க பள்ளம் கீது. ரிவர்ஸு எடுக்கணும் அவன்... எடுக்கலயே... ஆங், எடுத்துட்டான்." அவருடைய கால் கட்டைவிரல் தரையைக் கிளறிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தன. நான் அறுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், நட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், மூட்டை சுமந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்க ஒரு மனிதர் இவ்வளவு பாடுபட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எனக்கும் கை சும்மா இருக்கவில்லை. அரை மணிக்கு ஒரு தடவை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மத்தியானத்துக்கு மேல் வடக்கே கருத்துவிட்டது. காற்று மாறியது. கன்னியப்பன் சட்டென்று கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். பெரிய தார்பாய் அங்கேயே மடித்துக் கிடந்தது. அவசரத்தில் அவர்கள் சின்னதை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அறுத்த நெல் சிமென்ட் களத்தில் திறந்து கிடக்கும்.

அவர் எழுந்தார். தார்பாயை நோக்கிக் கை நீண்டது. நின்றது. திரும்ப உட்கார்ந்தார்.

"சார்... உங்களுக்கு வேண்டுதல் எதுவும் இல்லையே?"

இல்லை. அறுபத்தாறு வயது முழங்கால் மட்டும்தான் இருக்கிறது. தார்பாயை நானே இழுத்து, நானே தூக்கி, நானே அவருடைய சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினேன். தார்பாய் என்ன கனம் தெரியுமா? அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் இறுக்கிக் கட்டுங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

களத்துக்கு நான் போய்ச் சேர்வதற்கும் பெரிய தூறல் விழுவதற்கும் சரியாக இருந்தது. மல்லிகா ஒரு முனை, சுதா ஒரு முனை, மெஷின் டிரைவர் ஒரு முனை, நான் ஒரு முனை. குவியலின் ஓரம் கொஞ்சம் நனைந்தது, மற்றது தப்பியது. ஆனால் ஈர நிலத்தில் மெஷின் மெதுவாகத்தான் போனதால் கிழக்கு ஓரமாகக் கால் பங்கு அறுக்காமல் நின்றது. மழையில் மெஷின் இறங்க முடியாது என்றுவிட்டார் டிரைவர். மறுநாள் விடிந்ததும் தென்னேரிக்குப் போக வேண்டுமாம். நின்ற நெல் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே தலை சாய்ந்தது.

"கூட ஒரு ஆளு இருந்திருந்தா முன்னாடியே முடிஞ்சிருக்கும்" என்றாள் மல்லிகா. என்னைப் பார்த்துச் சொன்னாளா, பொதுவாகச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வந்தால் கன்னியப்பன் அதே கட்டிலில், அதே இடத்தில், கொட்டுகிற மழையில் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளை வேட்டி உடம்போடு ஒட்டிப்போயிருந்தது.

"உள்ளே போகக்கூடாதா?"

"நெல்லு நனையுது. நான் மட்டும் உள்ள போயி இன்னா பண்ணப்போறேன்?"

கால் பங்கு நின்றுவிட்டது என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

மறுநாள் புதன். காலையில் எனக்கு மனசு கேட்கவில்லை. நிலத்துப் பக்கம் போனேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு புதன்கிழமையில் கன்னியப்பன் வயலில் நின்றார். முழங்கால் சேற்றில் குனிந்து, சாய்ந்த நெல்லைக் கையால் அறுத்துக்கொண்டிருந்தார். மல்லிகாவும் சுதாவும் அறுத்துப் போட்ட அரிகளைத் தூக்கி வரப்பில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கன்னியப்பா... இன்னைக்குப் புதனாச்சே?"

நிமிர்ந்தார். "புதன்னு சொன்னது யாரு சார்?"

"நான்தான்."

"செவ்வான்னு சொன்னது?"

"அதுவும்... நான்தான்."

"அப்ப ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா தப்பு. எதுன்னு ஆத்தாளுக்குத் தெரியும். நேத்து உக்காந்துட்டேன். இன்னைக்கு அறுக்கறேன்."

"இனிமேல் செவ்வாய்தானா?"

"ஆத்தாளுக்குச் செவ்வா." அரிவாளால் சுதாவைக் காட்டினார். "அவகிட்ட சொன்னது ஒண்ணு நிக்குதே. அவளுக்கு ஞாயித்துக்கெயமைதான் காலேஜு லீவு. அதனால ஞாயிறு."

வரப்பிலிருந்து மல்லிகா கத்தினாள். "இன்னாது? திரும்பவும் ரெண்டா?"

அவர் மறுபடி அறுக்கக் குனிந்துகொண்டார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. சுதா சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "சார், நீங்களும் ஒண்ணு வுடணும். செவ்வாக்கெயமையானா அந்த நோட்டைத் தொறக்காதீங்க. நேரம் குறிக்கக்கூடாது, தேதி போடக்கூடாது. எங்க நைனாவைக் கொயப்புனதுக்கு ஃபைனு" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். சேற்றில் நிற்கிறவர்களிடம் வேறென்ன சொல்வது?

எனவே, நாற்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக என் டைரியில் ஒரு செவ்வாய்க்கிழமைப் பக்கம் வெள்ளையாக இருக்கிறது. அந்தக் காலிப் பக்கத்தைத் திறந்து பார்க்கவும் கை துடிக்கிறது. கன்னியப்பன் கட்டில் சட்டத்தை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று இப்போது புரிகிறது. ஓய்வு என்றால் சுகம் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பார்த்தது வேறு ஏதோ. என்னவென்று கேட்டால்... சொல்லத் தெரியவில்லை.

இதை எழுதும்போது திங்கள் ராத்திரி மணி பத்தரை. விடிந்தால் செவ்வாய், அதற்குள் பேனாவை மூட வேண்டும்; எதற்கு வம்பு என்று மேலே தேதியும் போடவில்லை. ஆனால் ஒரே ஒரு சந்தேகம் — ரஹீம் பாய் கணக்கில் செவ்வாய்க்கிழமை பிறந்து நாலு மணி நேரம் ஆகிவிட்டதே!